பதினேழு குப்பிகள்

எலும்பு ஆராய்ச்சிக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் ஃப்ரீசர் அக்கா. பதினாறு வருடமாக அங்கிருந்த உறைபெட்டிகள் அவள் பொறுப்பு. கதவை அரை நிமிடம் கூடுதலாகத் திறந்து வைத்தால் பேராசிரியருக்கே திட்டு விழும்.

அந்த வருடம் கடுகளவு வெள்ளைப் பொடியாக ஒரு புரதம் வந்தது. 'எலும்பாக மாறு' என்ற செய்தியைச் செல்லின் வாசலில் நின்று வாங்கிக்கொள்ளும் ஏற்பி அது. எலியின் மரபணுவை வேறு செல்லுக்குள் செலுத்தித் தயாரித்தது. செல்கள் வளரும் தட்டில் அதைத் தனியாக விட்டால், செய்தியை வழியிலேயே மடக்கிக்கொள்ளும். செல்கள் எலும்பாக மாறாது. அக்கா அதைக் கரைத்து இருபது குப்பிகளில் பிரித்து உறைய வைத்தாள். ஒரு முறை உருகியதை மறுபடி உறைய வைத்தால் கெட்டுப்போகும் என்பதால், 'திறந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடவும்' என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

புதிதாக வந்த ஆராய்ச்சியாளர் ஒன்பது சோதனைகள் செய்தார். ஆறில் தட்டு முழுக்கச் சிவப்புச் சாயம் பிடித்துவிட்டது. எலும்பு உருவாகிவிட்டது, புரதம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில், பன்னிரண்டு பேர் முன்னால், பேராசிரியர் சொன்னார்: "இருபது குப்பியும் ஒரே மாதிரி இல்ல. கரைச்ச கை சரியில்ல."

அக்காவுக்கு முகம் கொதித்தது. ஆராய்ச்சியாளர் குனிந்து குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டில் தங்கை, "விடுக்கா. வாயைக் கொடுத்து வேலையைக் கெடுத்துக்காதே" என்றாள்.

"என் கையைச் சொல்லிட்டார்டீ. எப்படி விடறது?"

மறுநாள் அவள் சோதனைக் குறிப்பேட்டைப் புரட்டினாள். ஒன்று, நான்கு, ஏழு மட்டும் நன்றாக வந்திருந்தன. ஏன் மூன்று சோதனைக்கு ஒன்று மட்டும்? நேரே போய் ஃப்ரீசரைத் திறந்தாள். பெட்டியில் பதினேழு குப்பிகள், மூடி திறக்கப்படாமல். ஒன்பது சோதனைக்கு மூன்றே குப்பி! ஒவ்வொன்றையும் ஆராய்ச்சியாளர் மூன்று தடவை உருக்கி உறைய வைத்திருக்கிறார்; முதல் தடவை மட்டும் கெடாமல் இருந்திருக்கிறது.

அந்தப் பதினேழில் ஒன்றை எடுத்து அவளே சோதனை செய்தாள். மூன்று வாரம் கழித்துத் தட்டில் பெயருக்குக்கூடச் சிவப்பு இல்லை. தட்டையும் குறிப்பேட்டையும் பேராசிரியரின் மேசையில் வைத்தாள்.

"வீணாக்க வேண்டாம்னுதான்..." என்று ஆராய்ச்சியாளர் இழுத்தார்.

"மூணு மாசம் வீணாச்சே, அது?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, காரணம் தெரிஞ்சுபோச்சு. மேல ஆக வேண்டியதைப் பாப்போம்."

"பன்னெண்டு பேர் முன்னாடி சொன்னீங்க சார். அதே பன்னெண்டு பேர் முன்னாடி மாத்திச் சொல்லுங்க. அப்புறம் பாப்போம்."

அடுத்த திங்கட்கிழமை அவர் சொன்னார். சுற்றி வளைத்துத்தான். "கையாள்வதில் சின்னக் குழப்பம் நடந்திருக்கு" என்று தொடங்கினார். அக்கா எழுந்து நின்றாள்.

"யார் கையாண்டதுல சார்?"

பேராசிரியர் ஆராய்ச்சியாளரைத் திரும்பிப் பார்த்தார். கடைசியில் ஆராய்ச்சியாளரே, "என்னோட தப்பு" என்றார். பேராசிரியரும் வேறு வழியின்றி, "அக்கா கரைச்சதில தப்பில்ல. நான் விசாரிக்காம பேசிட்டேன்" என்றார்.

மதியம் நடைவழியில் பேராசிரியரே எதிரே வந்தார். "இப்ப கோபம் போச்சா?"

"இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் நடந்தாள்.