குழு பார்க்கும்வரை கைவைக்கக் கூடாது

வெள்ளம் வடிந்து பதினெட்டு நாள் கழித்து, வெள்ளம் வந்ததா என்று பார்க்க டெல்லியிலிருந்து ஒரு குழு வந்தது. அந்தப் பதினெட்டு நாளும் எனக்கு இடப்பட்டிருந்த வேலை, உடைந்த பாலத்தை உடைந்தபடியே காப்பாற்றி வைப்பது. ராப்பகலாகப் படித்துத் தேர்வு எழுதி, கிராம நிர்வாக அலுவலராகி, கடைசியில் ஒரு ஓட்டைக்குக் காவல். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

என் வீடு திருத்தணியில், மலைக்குப் போகும் சாலைக்குப் பக்கத்துத் தெருவில். வேலை பார்த்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம், ஆற்றுக்கு அந்தக் கரையில். ஸ்கூட்டரில் முக்கால் மணி நேரம். கிருத்திகை அன்று மட்டும் காவடிக் கூட்டத்தில் எங்கள் தெருவை விட்டு வெளியே வரவே அரை மணி ஆகும். ஆற்றைத் தாண்ட ஒரு தரைப்பாலம் இருந்தது. ஆந்திரப் பக்கம் அணையைத் திறந்தால் முழுகும், இரண்டு நாளில் வெளியே தெரியும், சேற்றைத் தள்ளிவிட்டுப் போய்வருவோம். அந்த வருஷம் தண்ணீர் இறங்கிப் பாலம் வெளியே தெரிந்தபோது நடுவில் இருபது அடியைக் காணவில்லை.

படம் எடுத்து மேலே அனுப்பினேன். அரை மணியில் என் மேலதிகாரி போனில் கூப்பிட்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஓய்வு பெற மூன்று வருஷம் இருந்தது, அதைச் சேதமில்லாமல் கடத்த நினைத்தவர்.

"பாலத்துல யாரும் கைய வெக்கக் கூடாதும்மா. ஒரு மூட்ட மண்ணு கூட கொட்டக் கூடாது. சென்ட்ரல் டீம் வருது. அவங்க கண்ணால பாத்தாதான் பணம்."

"எப்ப சார் வராங்க?"

"இந்த வாரம்."

அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

ஏற்பாடு இதுதான். சேதத்தை எங்களைப் போன்றவர்கள் எழுதி மேலே அனுப்புவோம். சென்னையில் எல்லாவற்றையும் சேர்த்து, இவ்வளவு வேண்டும் என்று டெல்லிக்கு மனு எழுதுவார்கள். டெல்லி அதை அப்படியே எடுத்துக்கொள்ளாது, குழு அனுப்பும். குழு பார்த்துவிட்டுப் போய் அறிக்கை கொடுக்கும். கேட்டதில் எவ்வளவு தரலாம் என்று அதற்கப்புறம் அங்கே முடிவாகும். நான் வாங்கும் சோப்பிலிருந்து ஸ்கூட்டருக்குப் போடும் பெட்ரோல் வரைக்கும் இங்கிருந்து வரி போகிறது. அது போகும்போது, பாவம், இவர்களிடம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க எந்தக் குழுவும் வருவதில்லை. அதில் கொஞ்சம் திரும்பி வருவதற்குத்தான் இத்தனை சந்தேகம். இது பிச்சை இல்லை, எங்கள் காசு. இதை நான் அலுவலகத்திலும் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த படிவத்தை நீட்டுவார்கள்.

டெல்லி எங்களைக் கலந்து பேசாமல் முடிவெடுக்கிறது என்று சென்னையில் உள்ளவர்கள் டி.வி.யில் பேசுவதைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்பேன். நியாயமான கோபம்தான். ஆனால் பாலத்தை இப்படியே போட்டுவைக்கலாமா என்று எங்கள் ஊரை யார் கலந்து பேசினார்கள்? அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவள் நான். நானும் கேட்கவில்லை. மேலிருந்து வந்த வார்த்தையை அப்படியே ஊரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஊரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் திருத்தணி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அவர் மனைவிதான் மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போவார். பாலம் போனதும் அவர்களுக்கு இருந்த ஒரே வழி, ஆந்திர எல்லைக்குள் நுழைந்து சுற்றிவருவது. அந்தச் சாலையும் பல இடத்தில் அரித்துப்போய்க் கிடந்தது. பின்னால் ஆளை வைத்து ஓட்ட முடியாது, நானே ஸ்கூட்டரைப் பாதி வழி தள்ளிக்கொண்டுதான் வேலைக்குப் போய்வந்தேன். முதல் வாரம் ஆட்டோ பிடித்துப் போனார்கள். இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை எந்த ஆட்டோவும் வர ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு முறை தவறிப்போயிற்று. வெள்ளிக்கிழமை அந்த அம்மா எப்படியோ ஒரு பால் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்.

சனிக்கிழமை காலை அந்த அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பாவாவுக்குக் காலெல்லாம் வீங்கிப்போச்சு மேடம். ராவெல்லாம் மூச்சு வாங்கிகினு உக்காந்துகினு இருக்காரு. இன்னொரு வாட்டி தப்பினா என்னாவும்னு டாக்டர் சொல்ட்டாரு."

பாவா என்றால் அத்தை மகன். கல்யாணம் ஆன பிறகும் அந்தப் பக்கத்துப் பெண்கள் பலர் புருஷனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என்னாகும் என்று டாக்டர் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே ஊராட்சி அலுவலகத்தில் ஊர்க்காரர்களைக் கூட்டினேன். டிராக்டர் வைத்திருந்த ஒரு விவசாயிதான் முதலில் பேசினார். ஆற்றோரம் நிலம் உள்ளவர், அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கலாங்க. அவங்க வந்து பாத்தா உசரமா பெரிய பாலமே கட்டிக் குடுப்பாங்க. எத்தினி வருசம் இப்பிடி முழுகி முழுகி எழுந்துகினு இருக்கறது?"

அவர் சொன்னதில் தவறில்லை. அந்த ஊர் அப்படியொரு பாலத்தை எத்தனையோ மனுவில் கேட்டிருக்கிறது. சில மனுக்களை எழுதிக்கொடுத்ததே நான்தான்.

"கட்டட்டும், நான் வேணாங்கல" என்றார் அந்த அம்மா. "அது வர்ற வரைக்கும் பாவா இருக்கணும்ல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வீட்டுக் கடன் இருக்கிறது, வேலைக்கு ஒன்று ஆனால் என்ன செய்வது என்று மனசு ஒரு பக்கம் கேட்டது. ஆனால் பயத்தை விடக் கோபம் ஒரு பிடி கூடுதலாக இருந்தது. ஒரு மனிதனுக்கு மூச்சு முட்டுகிறது, நாம் ஓர் ஓட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

"நாளைக்கே குழாய் போட்டு அடைச்சிடலாம். யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றேன்.

டிராக்டர்காரர் மோவாயைத் தடவிக்கொண்டார். "ஆங், சரி. மேடமே சொல்லும்போது நமக்கின்னா" என்றார். மறுநாள் காலையில் முதல் ஆளாக டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தியவரும் அவர்தான்.

என்றைக்கோ பாதியில் நின்றுபோன வேலைக்கு வந்த பெரிய சிமெண்ட் குழாய்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் பின்னால் கிடந்தன. அவற்றை உருட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். தறிக்காரர்கள் வீட்டுக்கு வீடு நூல் வந்த சாக்குகளைக் கொடுத்தார்கள், அதில் மணல் கட்டி இரண்டு பக்கமும் அடுக்கி, மேலே முரம்பு மண் கொட்டினார்கள். நான் மண் சுமந்தேன் என்று பெருமை பேசினால் பொய். கரையில் நின்று இங்கே வையுங்கள், அங்கே வையுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை, அவரவருக்குத் தெரிந்தபடி வைத்தார்கள், அதனால்தான் அது நின்றது. பொழுது சாய்வதற்குள் மொபெட் போக வழி ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் அந்த அம்மா அவரை உட்கார வைத்துக்கொண்டு அதன்மேல் போனதைப் பார்த்துவிட்டுத்தான் நான் அலுவலகத்தைத் திறந்தேன். அன்றைக்கு இருந்த சந்தோஷம் எனக்குச் சம்பள உயர்வு வந்தபோதும் இருந்ததில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது. குழு நாளைக்கு வருகிறதாம்.

"யாரோ குழாய் போட்டுட்டாங்களாமே?" என்றார் மேலதிகாரி.

"ஆமா சார்."

"காலையில ஜே.சி.பி. அனுப்பறேன், எல்லாத்தையும் எடுத்துடும்மா. டீம் போனதும் நாமளே திருப்பிப் போட்டுக்கலாம்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை சார். டயாலிசிஸ் போறவர் ஒருத்தர் இருக்கார்."

"ஒருத்தருக்காக ஊருக்கே வர்ற பாலத்த விட்டுடுவியா?" என்று கேட்டார். மிரட்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

அந்தக் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அந்த மனிதரையும் பாலத்தையும் எதிரெதிராக நிறுத்தியது வெள்ளமும் இல்லை, நானும் இல்லை. கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்கிறவர்களும், அதற்காகப் புண்ணை ஆறவிடாமல் வைத்திருக்கிறவர்களும் சேர்ந்து செய்தது அது. அன்றைக்கு எனக்கு வாயில் வந்தது இவ்வளவுதான்.

"எழுத்துல குடுங்க சார். குழாய எடுக்கணும்னு ஒரே ஒரு வரி. எடுத்துடறேன்."

போனை வைத்துவிட்டார். எங்கள் வேலையில் இப்படிப்பட்ட உத்தரவுகள் எல்லாம் வாய்மொழியாகத்தான் வரும். எழுத்தில் கேட்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடும். இருபது வருஷ வேலையில் கீழே இருக்கிற ஆளுக்கு நான் கண்ட ஒரே பாதுகாப்பு அது.

ஜே.சி.பி. மட்டும் சொன்னபடி விடிந்ததும் வந்தது. நான் அதற்கு முன்னாலேயே போய் ஸ்கூட்டரைக் குழாய் மேல் குறுக்கே நிறுத்தியிருந்தேன்.

"ஆர்டர் இருக்கா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"போன்லதான் சொன்னாங்க மேடம்."

"அப்ப போன்லயே எடுத்துடு."

அவன் சிரித்துவிட்டான். எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

பதினொரு மணிக்குக் குழு வந்தது. எல்லோர் நெற்றியிலும் புது விபூதி. மலைக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், இந்தப் பக்கம் வருகிறவர் யார்தான் மலைக்குப் போகாமல் போகிறார்கள்? ஆனால் எங்கள் பாலத்துக்கு நிகழ்ச்சி நிரலில் ஒதுக்கியிருந்தது பன்னிரண்டு நிமிஷம். கரையில் ஷாமியானா போட்டு, வெள்ளத்தின் படங்களைப் பெரிதாக்கிப் பலகையில் ஒட்டி வைத்திருந்தோம். ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஆற்றின் படத்தைப் பார்த்தார்கள். டிராக்டர்காரர் கும்பிட்டுவிட்டு, பெரிய பாலம் வேண்டும் என்று தமிழில் ஒரு முறையும் தெலுங்கில் ஒரு முறையும் சொன்னார். குழுத் தலைவர் பதிலுக்கு மரியாதையாகக் கும்பிட்டார். மென்மையாகப் பேசுகிற மனிதர். திரும்பிப் பார்த்து, ஜனங்கள் இதில் போய்வருகிறார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "டெம்பரரி சார், டெம்பரரி" என்றார் எங்கள் மேலதிகாரி.

அந்த நேரம் பார்த்து மொபெட் வந்தது. அந்த அம்மா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓட்டிவர, அவர் பின்னால் துண்டால் தலையை மூடி, அந்த அம்மாவின் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். குழுவோடு வந்த போட்டோகிராபர் படம் எடுத்தார். நான் முன்னால் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "பேஷன்ட் சார், டயாலிசிஸ், வீக்லி டூ டைம்ஸ், அதர் ரோடு நாட் தேர்" என்றேன். தலைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், தலையசைத்தார், நோட்டில் எழுதிக்கொண்டார். டயாலிசிஸ் என்றுதான் எழுதுகிறார் என்று நம்பினேன். எவ்வளவு முட்டாள் நான்.

சில மாதம் கழித்து வந்த பட்டியலில் எங்கள் பாலம் இல்லை. போக்குவரத்து சீராகிவிட்டது என்று குறிப்பு இருந்ததாம். டிராக்டர்காரர், "நான் அப்பவே சொன்னன்" என்றார். யார் திட்டியதும் எனக்கு அவ்வளவு வலித்ததில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் சொன்ன பேச்சைக் கேட்டு உடைந்ததை உடைந்தபடியே வைத்திருந்தார்கள். கேட்டதில் ஏதோ கொஞ்சம்தான் வந்தது என்றார்கள், அவர்களுக்கும் இதுவரை பாலம் வரவில்லை.

எனக்கு ஒரு மெமோ வந்தது. குழுவின் வருகைக்கு முன் அனுமதியின்றிப் பாலத்தில் வேலை செய்தது யார், ஏன் தடுக்கவில்லை என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். ஆதாரமாக ஒரு படம் இணைக்கப்பட்டிருந்தது. மொபெட், முந்தானை, துண்டு, தோளில் கை. சேதம் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சியாம்.

ஒரு மணி நேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பதில் எழுதினேன்.

"இணைப்பில் உள்ள படம் உண்மையானது. எடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பின்னால் அமர்ந்திருப்பவர் அன்று மருத்துவமனைக்குச் சென்று சேர்ந்தார். இதை எழுதும் இன்றும் உயிரோடு இருக்கிறார். குழாய் போடச் சொன்னது நான். அடுத்த வெள்ளத்திலும் சொல்வேன்."

மேலதிகாரி அதை என் முன்னாலேயே இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"கடைசி வரிய மட்டும் எடுத்துடும்மா. மத்தத நான் பாத்துக்கறேன்."

பேனாவை என் பக்கம் நகர்த்தினார். அதை எடுத்து, அந்த வரிக்கு நேர் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.