கால் படாத இடம்

இல்லை, எல்லாம் போய்விடவில்லை. ஒரு தொட்டி இருக்கிறது. ஞாயிறுதோறும் பவானிபூரில் சுந்தரேசன் அண்ணாவின் மொட்டைமாடிக்கு வந்து, காப்பி குடித்து, அவருடைய கள்ளிகளைக் கேலி செய்துவிட்டுப் போன உங்களுக்கு இதையாவது சொல்ல வேண்டும்.

செய்தி ஆபீசுக்கு வந்தது. அவருடைய தம்பி கதவருகே நின்று, "அண்ணா போயிட்டார்" என்றார். காலரா. முந்தைய மாலை என் பக்கத்து மேஜையில் பென்சில் சீவிக்கொண்டிருந்த மனிதர். நான் எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்தேன். ஏன் முடித்தேன் என்று தெரியவில்லை.

கிதர்பூர் துறையில் கப்பல் சரக்கைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. மற்றவர்கள் மாலுமிகளிடம் சிகரெட் கேட்பார்கள். அவர் செடி கேட்பார். மெக்சிகோவிலிருந்து வந்த, நரைமுடி போர்த்திய தூண் கள்ளிக்குத் 'தாத்தா' என்று பெயர். ஏடனிலிருந்து வந்தது பானை வயிற்றுக்காரன். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு தொட்டிக் கூழாங்கல். அவற்றில் சில கல் அல்ல. கல்லைப் போலவே இருக்கும் செடி. "எது கல்லு, எது செடி? சொல்லுங்கோ பார்ப்போம்" என்பார். யாரும் சரியாகச் சொன்னதில்லை.

நம்மில் ஒருவர் ஒருநாள் கேட்டார்: "சுடுகாட்டுச் செடியை ஆத்துல வெச்சா வம்சம் விளங்குமா ஓய்?" குழந்தையில்லாத வீடு. அண்ணா சிரித்தார். "பக்கத்தாத்துல இதே கள்ளியை நாகதேவதை மனசா தேவின்னு கும்பிடறா. எந்த ஊர்ல நிக்கறதுங்கறதைப் பொறுத்தது ஓய்." உள்ளே அவர் மனைவி, நம் எல்லோருக்கும் மன்னி, டம்ளரைக் கொஞ்சம் அழுத்தி வைத்த சத்தம் கேட்டது.

மழைக்காலத்தில் தொட்டிகள் படுக்கையறைக்குள் வந்துவிடும். அவர்கள் இருவரும் நடையில் படுப்பார்கள். "எனக்கு வீடு நிறைய சக்களத்தி. எல்லாத்துக்கும் முள்ளு வேற" என்பார் மன்னி.

ஒருமுறை வாடியிருந்த ஒன்றுக்கு நான் தண்ணீர் எடுத்தேன். அண்ணா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தண்ணி விடாதே. நமக்குத்தான் தாகம். அதுக்கில்லே."

கடைசி இரவு அவர் தண்ணீர் கேட்டிருக்கிறார். ஒரு சொட்டும் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மன்னி கொடுக்கவில்லை. "விடியறவரைக்கும் கேட்டார்" என்று என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து மன்னியும் தண்ணீரைத் தொடுவதில்லை, வற்புறுத்தினால் ஒரு வாய் மோர்தான் என்றார் தம்பி.

காரியங்களைத் தம்பி செய்தார். கல் ஊன்றி, போனவரின் தாகம் தீர அதன்மேல் தினமும் நீர் விடுவது நம் வழக்கம். விட்ட நீரைக் கால் படாத இடத்தில் சேர்க்க வேண்டும் என்றார் சாஸ்திரிகள். அதுவோ மாடிக் குடித்தனம். கீழே தெரு, தெரு முழுக்கக் கால்கள். கால் படாத மண் அந்த வீட்டில் தொட்டிகளில் மட்டுமே இருந்தது. மன்னி அந்த நீரை மேலே கொண்டுபோனார். பிறகு தாமாகவும் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார், குடம் குடமாக.

பத்தாம் நாள் காரியம் முடிந்து நான் மாடிக்குப் போனபோது தாத்தா சுவரில் சாய்ந்திருந்தது. தொட்டேன். விரல் உள்ளே போயிற்று. அழுகல் வாடை. பானை வயிற்றுக்காரனும் அப்படியே. மன்னி நிறைந்த சொம்புடன் பின்னால் வந்து நின்றார்.

"ஏன் இப்படிச் சாஞ்சு கிடக்கு?"

"தண்ணி அதிகமாயிடுத்து, மன்னி."

"அவருக்குத் தீரலையேன்னுதான் விட்டேன்."



மூலையில் கூழாங்கல் தொட்டி காய்ந்து கிடந்தது. "அது வெறும் கல்லுதானேன்னு விட்டுட்டேன்" என்றார். மன்னியை அதனருகே உட்கார வைத்தேன். ஒன்றைத் தொட்டார்.

"இது?"

"செடி. உசிர் இருக்கு."

"இது?"

"கல்லு."

"இது?"

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திய அந்தக் கை. எதையாவது காப்பாற்றப் புறப்படும்போதெல்லாம் அந்தப் பிடி இறுகுகிறது.

"இதுக்கும் விடணுமா?" என்று மன்னி கேட்டார்.

"வேண்டாம், மன்னி."

மன்னி அண்ணாந்து, சொம்புத் தண்ணீரைத் தாமே குடித்தார்.