ஹெல்மெட்டுக்குள் கேட்காத சக்கரங்கள்

பட்டறையில் எல்லாரும் அவரைக் காது என்றுதான் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கூரை மடங்குகிற கார்களையும் கூரையே இல்லாத கார்களையும் பழுது பார்க்கிற இடம் அது. ஆறு பேர் வேலை செய்தார்கள். மற்ற ஐந்து பேரும் கழற்றுவார்கள், மாட்டுவார்கள். கடைசியில் வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்த்து, 'சரி' என்று அட்டையில் கையெழுத்துப் போடுவது காது ஒருவர்தான்.

அவர் ஓட்டிப் பார்க்கிற விதமே தனி. துணிக்கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடுவார். பட்டறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி வளாகத்தின் மதில் அரை கிலோமீட்டர் நீண்டு கிடக்கும். அந்த மதிலை ஒட்டி, அறுபதில் போவார். சக்கரம் எழுப்புகிற சத்தம் மதிலில் மோதித் திரும்பி அவரிடம் வரும். வண்டியைக் கொஞ்சம் இடப்பக்கம் வளைப்பார், முனகல் கூடும். வலப்பக்கம் வளைப்பார், குறையும். இறங்கி வந்து, "வலது பின் சக்கரம், பேரிங்" என்பார். கழற்றிப் பார்த்தால் அதேதான்.

"அந்தச் சக்கரம் உங்க காதுல மட்டும் வந்து ரகசியம் சொல்லுதாண்ணே?" என்று பெயின்டர் கேட்பான்.

"உனக்கும்தான் சொல்லும். நீ முதல்ல பாடுறதை நிறுத்து."

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், தரையில் கிடந்த எண்ணெயில் கால் வழுக்கி, வேலை மேசையின் இரும்பு முனையில் தலை இடித்து விழுந்தார். இடது காதுக்கு மேலே எலும்பு நொறுங்கிவிட்டது. நொறுங்கினதை எடுத்துவிட்டு அங்கே ஒரு தகடு வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர், "வேலைக்குப் போகலாம், வண்டி ஓட்டலாம். ஆனா அந்த இடத்துல இன்னொரு அடி மட்டும் படக் கூடாது. பட்டா என் கையில ஒண்ணும் இல்லை" என்றார்.

அவர் மனைவிக்குப் பேருந்து நிலைய விசாரணைக் கவுண்டரில் வேலை. டாக்டர் சொன்னதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். முகத்தையும் மூடுகிற பெரிய ஹெல்மெட் ஒன்றை வாங்கி வந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள்.

"கார்ல போறவன் எவனாவது ஹெல்மெட் போடுவானா?" என்றார் காது.

"கூரை இருக்கிற கார்னா வேற பேச்சு. உங்க கார்ல தலைக்கு மேல ஆகாசம்தானே இருக்கு? கவிழ்ந்தா ஆகாசமா வந்து தாங்கும்?"

மூன்று வாரத்துக்கு முன் வேலைக்குத் திரும்பியபோது ஹெல்மெட்டும் கூடவே போனது. பட்டறையில் சிரித்துத் தீர்த்தார்கள். "அண்ணே, நிலாவுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க?" என்றான் பெயின்டர். சிக்னலில் போக்குவரத்துக் காவலர் வண்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன சார், பைக்கை வீட்டுல மறந்துட்டு ஹெல்மெட்டை மட்டும் ஓட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றார். இதையெல்லாம் காது காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேறொன்றுதான் அவரை அரித்தது.

முதல் நாளே மதிலை ஒட்டிப் போனபோது அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் காற்றுதான் 'ஹோ' என்று இரைந்தது. சக்கரம், இன்ஜின், கியர் எல்லாம் எங்கோ கம்பளிக்கு அடியில் கிடப்பது மாதிரி இருந்தது. இரண்டு தடவை போய் வந்தார். இறங்கினதும் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள், எப்போதும் பார்க்கிற மாதிரி. "சரி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அது பெரிய தவறாகத் தெரியவில்லை. வேலை செய்தவர்கள் நல்ல வேலைக்காரர்கள், வண்டி நன்றாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். இரண்டாவது வண்டிக்கும் அப்படியே. மூன்றாவதுக்குக் கையெழுத்துப் போடக் கொஞ்சம் தயங்கினார்.

அதன் பிறகுதான் ஒரு காரியம் செய்தார். கதவுப் பூட்டுக்கு ஓட்டை போடுகிற வட்ட வாளை எடுத்து, ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும், காது வருகிற இடத்தில், எலுமிச்சம்பழ அளவுக்கு வெட்டிவிட்டார். மெக்கானிக் புத்தி. எதையும் வெட்டி, ராவி, பொருத்திச் சரி செய்துவிடலாம் என்று கை பரபரக்கும். நேற்று சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு பல் டாக்டரின் பச்சைக் காரை ஓட்டிப் பார்த்தார். இரண்டு பின் சக்கரத்துக்கும் புது பேரிங் போட்ட வண்டி. ஓட்டை வழியாகக் காற்று புகுந்து விசில் அடித்தது. முன்னைவிட மோசம். அதற்கும் கையெழுத்துப் போட்டார்.

இன்று காலையில் மனைவி அதைத் துடைக்க எடுத்தாள். அவள் விரல் ஓட்டைக்குள் போனது.

"என்ன இது?"

"காத்துக்கு."

"காத்துக்கு முன்னாடியே சின்னச் சின்னதா இருக்கே. இது என்ன, எலி கடிச்சதா?" அவள் ஹெல்மெட்டைத் திருப்பிப் பிடித்து, இடது பக்க ஓட்டைக்கு மேலே விரல் வைத்தாள். "தகடு வச்ச இடத்துக்கு இது எவ்வளவு தூரம்?"

"சத்தம் கேக்கணும்மா. அதைப் போட்டா எனக்கு ஒண்ணுமே கேக்கல."

"இப்போ கேக்குதா?"

அவர் தலை குனிந்துகொண்டார்.

"அப்போ மூணு வாரமா எதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டீங்க?" அவள் குரல் இறங்கிவிட்டது. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலாம் போல இருந்தது. "கவுண்டர்ல என்கிட்ட ஆயிரம் பேர் கேக்குறாங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுவேன். திட்டிட்டுப் போவாங்க. போகட்டும். வாய்க்கு வந்த நேரத்தைச் சொன்னா பஸ்ஸைத் தவற விடப் போறது நான் இல்லையே."

"சொன்னா பட்டறையில அக்கா வேற ஆளைப் போட்டுருவாங்க. அப்புறம் நான் யாரு? நட்டு திருகுற ஆறாவது ஆளு."

"இருந்துட்டுப் போங்க."

எளிதாகச் சொல்லிவிட்டாள். ஆனால் அந்த நேரத்தில் அவர் நினைப்பு வேறொன்றில் ஓடியது. நேற்று மதிலருகே இடப்பக்கம் வளைத்தபோது விசிலுக்கு அடியில் ஒரு முனகல் இருந்த மாதிரி ஒரு ஞாபகம். இருந்ததா? காற்றா? அவரால் சொல்ல முடியவில்லை. பல் டாக்டர் இன்று காலை மகளைக் கூட்டிக்கொண்டு மலைப்பாதையில் போவதாகச் சொல்லியிருந்தார். பேரிங் இறுகி சக்கரம் பூட்டிக்கொண்டால் அந்த வளைவுகளில் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. டிபனை அப்படியே விட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடினார்.

பட்டறையின் முதலாளியம்மாவை எல்லாரும் அக்கா என்பார்கள். துணிக்கூரையெல்லாம் அவளே தைப்பாள். அவள் கால் மெஷின் பெடலில் இருக்கும்போதே அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னார்.

மெஷின் நின்றது.

"விளையாடுறியா?"

"இல்லக்கா."

"உன் கையெழுத்தைப் பார்த்துத்தான் நான் சாவியைக் குடுக்கிறேன்."

"தெரியும்க்கா."

அவள் போனை எடுத்தாள். நல்ல வேளை, பல் டாக்டர் மலையடிவாரத்துப் பெட்ரோல் பங்கில்தான் நின்றிருந்தார். அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, அக்கா பட்டறை வேனை ஓட்டினாள். நாற்பது நிமிட ஓட்டம். டாக்டர் பங்கில் நிற்பது தெரிந்தும், போகிற வழியில் ஓரமாய் நிற்கிற பச்சை வண்டி எதைப் பார்த்தாலும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

டாக்டரும் மகளும் பங்கின் நிழலில் நின்றார்கள். காது ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். அசைவில்லை. ஸ்பிரிங்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினார். பேரிங் கெட்டிருந்தால் கைக்குக் கரகரவென்று தெரியும். தெரியவில்லை. அடுத்த சக்கரமும் வழவழவென்று சுற்றியது.

"சக்கரம் ரெண்டும் நல்லா இருக்கு" என்றார். சந்தோஷப்பட வேண்டிய நேரம். முகம் சுண்டித்தான் இருந்தது. நேற்று முனகியது வெறும் காற்று, அதைக்கூட அவர் காதால் பிரித்தறிய முடியவில்லை.

"இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று டாக்டர் சிரித்தார். சாவியை நீட்டினார். "வந்ததுதான் வந்தீங்க, நீங்களே ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. உங்க காதுக்கு நிம்மதி வந்தா எங்களுக்கும் நிம்மதி."

காது சாவியை வாங்கிவிட்டார். ஹெல்மெட் வீட்டில் இருந்தது. சாலை காலியாகக் கிடந்தது. பங்குக்கு எதிரே பாறைச் சுவர். வெறும் தலையோடு அதை ஒட்டி ஐந்து நிமிடம் போனால் போதும், எல்லாம் பழையபடி வந்துவிடும் என்று உடம்பே சொன்னது. கதவில் கை வைத்தார். அக்காவைப் பார்த்தார். அவள் மலைப்பாதையில் இறங்கி வருகிற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

"முடியாது டாக்டர். தலையில அடிபட்டுத் தகடு வச்சிருக்கு. ஹெல்மெட் இல்லாம இந்த மாதிரி கார்ல நான் ஏறக் கூடாது. போட்டா எனக்குக் கேக்காது. சக்கரத்தை இப்போ கையால பார்த்தேன், அது சரி. மத்ததுக்கெல்லாம் நேத்து கேக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன்."

டாக்டரின் மகளுக்குப் பதினாறு பதினேழு வயதிருக்கும். "அங்கிள், நீங்க ஹெல்மெட் இல்லாம ஏற மாட்டீங்க. நாங்க மட்டும் மலை ஏறலாமா?" என்றாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் மகளின் தலையைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு, "இன்னிக்கு வேண்டாம். நீ வேன்ல ஏறு. நான் பின்னாலயே மெதுவா வர்றேன்" என்றார்.

"அப்பா! மூணு மாசமாத் திட்டம் போட்டோம்!"

"ஏறும்மா."

அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வேனின் பின் இருக்கையில் ஏறி, வழி முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். பட்டறைக்கு வந்ததும் பெயின்டர் ஏதோ கேலி பேச வாயெடுத்தான். அக்காவின் முகத்தைப் பார்த்து அப்படியே விழுங்கிவிட்டான்.

"இன்னும் எத்தனை வண்டி?" என்றாள் அக்கா.

"மூணு."

"ஓட்டிப் பார்க்க வெளியிலேர்ந்து ஆள் கூப்பிடணும். ஊர் பூரா நம்ம பேரு நாறும்." அவள் மெஷினில் உட்கார்ந்தாள், தைக்கத் தொடங்கவில்லை. "நீ நாளைக்கு வா. என்ன வேலைன்னு அப்புறம் சொல்றேன். இப்போ அந்த மூணு பேருக்கும் நீயே போன் போடு. நான் பேச மாட்டேன்."

அவர் அட்டைகளைத் தேடி எடுத்தார். மூன்றிலும் தன் கையெழுத்து அழகாக இருந்தது. முதல் எண்ணைப் போட்டார். எடுத்தவர் உற்சாகமான ஆள். "வண்டி சூப்பரா ஓடுதே! என்ன விஷயம்?" என்றார்.

காது அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

"ஓடலாம் சார். ஆனா நான் அதைச் சரியாப் பார்க்காமலே சரின்னு எழுதிட்டேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

மறுமுனையில் உற்சாகம் நின்றுபோனது. "என்னய்யா சொல்றே?" என்றது குரல்.

அவர் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.