ஏழு குப்பிக்கு ஒரு பிள்ளை

எங்கள் சந்தில் இரவல் கேட்பதை யாரும் குறைவாக நினைத்ததில்லை. சர்க்கரையும் கரியும் மண்ணெண்ணெயும் இரவலில் சேர்த்தியே இல்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் கோடி வீட்டு நாற்காலி வந்துவிடும். ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு எதிர்வீட்டு டிரங்குப் பெட்டி போகும். பரீட்சைக்குப் போகிற பையனுக்கு, ஓடுகிற கைக்கடிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர் கழற்றிக் கொடுப்பார். வெளியாள் வந்து நிற்கும்போது சந்தில் இருப்பதிலேயே நல்லது எதுவோ அதைக் காட்ட வேண்டும். அது யாருடையது என்பது நமக்குள் இருக்கட்டும். தாராவியில் எங்கள் சந்துக்கு இருந்த ஒரே சட்டம் இதுதான். அந்தச் சட்டத்துக்கு உட்பட்டு, வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற ஒன்றையும் ஒரு தடவை இரவல் வாங்கினோம்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்குப் பத்து மாதம். வாப்பா தோல்பை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தார். உம்மா, வாப்பா, நாங்கள் இருவர், திருநெல்வேலியிலிருந்து வேலை தேடி வந்து எங்களோடு ஒட்டிக்கொண்ட மாமா, ஆக ஐந்து பேரும் ஒரே அறையில் இருந்தோம். மாமா உம்மாவின் தம்பி. துறைமுகத்தில் வேலை கிடைத்த மாதிரிதான் இருந்தது. கடைசியில் மூத்திரத்தைச் சோதித்துப் பார்த்து, லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து குப்பியைக் கையில் வைத்திருக்கிற யாரைக் கண்டாலும் அவருக்கு ஆகாது.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் டாக்டரம்மா ஏழு குப்பிகளோடு வந்தார்.

அவருக்குப் பரேலில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. வீடு, தமிழ்ப் பிராமணர்கள் நிறைந்த மாட்டுங்காவில் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மழைக்கு ஒரு மாதம் முன்னால் முதல் தடவை வந்தபோது, இரண்டு வயதுக்குள் இருந்த பிள்ளைகள் ஏழு பேருக்கும் நாக்கில் சொட்டு மருந்து விட்டார். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. முந்தின வருஷத்து மழையில் சந்தின் கடைசி வீட்டுப் பெண்குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, விட்ட பிறகு ஒரு கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அது தரையில் தேய்த்துக்கொண்டு போவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த தாய்மார்கள், டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே பிள்ளைகளின் வாயைத் திறந்து காட்டினார்கள்.

அடுத்த வாரம் வந்தவர் வீட்டுக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி நம்பர் எழுதியிருந்தது. மறுநாள் காலை பிள்ளையின் மலத்தை நகக்கண் அளவு அதில் எடுத்து வைக்க வேண்டும், தானே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். கஞ்சி போட்ட பருத்திச் சேலையும் கண்ணாடியுமாக, பார்த்தால் எழுந்து நிற்கத் தோன்றுகிற பெண்மணி. இதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகப் போகிறாராம். எதற்கு என்று அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். சோதிப்பதற்கு என்றதோடு எங்கள் ஆட்களுக்குக் காது அடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் மாமாவுக்குத் திடீரென்று மதிப்புக் கூடியது. சோதனை என்றால் என்னவென்று சந்தில் அனுபவப்பட்டவர் அவர் ஒருவர்தானே. சரியில்லை என்று அவர்கள் எழுதிவிட்டால் எழுதியதுதான், வேலைக்குப் போனவனை வீட்டுக்கு அனுப்பினார்கள், வீட்டில் இருக்கிற பிள்ளையை எங்கே அனுப்புவார்களோ என்று அவர் இழுத்துப் பேசினார். அம்மை கண்டவர்களையும் வாந்திபேதி கண்டவர்களையும் முனிசிபாலிட்டி வண்டி ஏற்றிக்கொண்டு போவதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை.

தம்பிக்கு அப்போது ஒரு மாதமாகவே வயிறு சரியில்லை. உம்மா குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைக் கொண்டு கொடுத்தா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாவ. பெறவு யார்கிட்டப் போயிக் கேக்க?"

உம்மா பயந்து நான் பார்த்தது குறைவு. அதனால் அந்தக் கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

எங்களுக்குக் கீழே மளிகைக்கடை வைத்திருந்த குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம்தான். கடைக்கார அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவளுடைய மகனுக்கு ஒன்றரை வயது. நெய்யும் பருப்பும் குறைவில்லாமல் உள்ளே போகிற உடம்பு. தும்மி நான் பார்த்ததில்லை. காலை ஏழு மணிக்குக் காகிதத்தை விரித்து உட்கார வைத்தால் வேலையை முடித்துவிட்டுத்தான் எழுவான். வெளியாளுக்குக் காட்டச் சந்தில் இருப்பதிலேயே நல்லது எது என்று யோசித்தபோது, ஆறு வீட்டுக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது.

மறுநாள் காலை நான் குப்பியோடு போனபோது எனக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். கடைக்கார அக்கா கரண்டிக்காம்பால் ஒவ்வொரு குப்பியிலும் அளவாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. "எம்பிள்ளைக்கு என்ன, ஒருநாளும் தவறாது. வேண்டியவங்க வாங்கிட்டுப் போங்க" என்று, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவள் மாதிரிச் சொன்னாள். பிள்ளைக்குக் கண்பட்டுவிடுமோ என்று மட்டும் அவன் கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்திருந்தாள்.

பத்து மணிக்கு டாக்டரம்மா வந்து ஏழு குப்பிகளையும் ஐஸ் போட்ட தெர்மாஸில் இறக்கினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, ரொம்ப நன்றி என்றார். அந்தப் பொருளுக்கு யாரும் எங்களுக்கு நன்றி சொன்னதில்லை. உம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று டாக்டரம்மா நினைத்திருப்பார்.

மூன்று வாரம் சத்தமில்லை. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று உம்மா நிம்மதியாக இருந்தாள். பிறகு ஒரு நாள் மத்தியானம், முதல் மழை தூறிக்கொண்டிருந்தபோது, அவர் தனியாக வந்தார். கோடி வீட்டு நாற்காலிக்கு உம்மா ஆள் அனுப்பப் போனாள். அவர் வேண்டாம் என்று எங்கள் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மடியில் இருந்த கைகளைப் பார்த்தேன். மருந்துத் தண்ணீரில் கழுவிக் கழுவி விரல்களில் தோல் உரிந்திருந்தது.

சந்துக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சோதித்தேன், சாக்கடையில் எடுத்தேன், ஒன்றும் புரியவில்லை என்றார். உம்மாவிடம் ஏன் இதையெல்லாம் சொல்கிறார் என்று எங்களுக்கும் புரியவில்லை. முன்பெல்லாம் இப்படி எடுத்ததை ஐஸில் வைத்து விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்புவார்களாம். பதில் வர மாதக்கணக்காகுமாம். நம் பிள்ளைகளுடையதை நாமே பார்க்கலாம் என்று இவரும் கூட இரண்டு பேரும் மன்றாடி வாங்கிய வேலையாம் இது. முதல் தடவை செய்ததே இப்படி ஆகிவிட்டதால், இவர்களுக்கு இது வராது, பழையபடி வெளியிலேயே அனுப்பிவிடலாம் என்று மேலே பேச்சு வந்துவிட்டதாம்.

"ஏழும் ஒண்ணா இருக்கும்மா. அச்சு அசலா ஒண்ணு. ஏழு குழந்தைக்கு அப்படி இருக்கவே முடியாது. நான்தான் எங்கேயோ குப்பியைக் கலந்துட்டேன்னு சொல்றா. நேக்கே இப்போ அப்படித்தான் தோணறது."

பிறகு உம்மாவின் முகத்தைப் பார்த்து, பிள்ளையுடையதைத்தானே கொடுத்தீர்கள் என்று கேட்டார். உம்மா ஆமாம் என்று சொல்லவில்லை. பொய் சொல்ல அவளுக்கு வராது. அழாத தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்ட ஆரம்பித்தாள். டாக்டரம்மா தலையாட்டிவிட்டு எழுந்து, செருப்பைத் தேடினார். அந்த உரிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்த எனக்குத் தாங்கவில்லை.

"அது தம்பியோடது இல்ல. ஏழும் கடைக்கார அக்கா மவனோடது."

உம்மாவின் கை தம்பியின் முதுகில் நின்றுபோயிற்று. டாக்டரம்மா ஒரு செருப்போடு அப்படியே நின்றார். ஏன் என்று என்னிடமே கேட்டார். நான் மாமாவின் துறைமுகத்திலிருந்து தொடங்கி நெய், பருப்பு, கரண்டிக்காம்பு வரைக்கும் சொல்லி முடித்தேன். அவர் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத்தலைப்பால் துடைத்தார். மறுபடி நிறைந்தது.

"அப்போ என் கை சரியாத்தான் இருக்கு" என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை.

அப்புறம் உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். இதில் தேறுவது, தவறுவது கிடையாது என்றார். பிள்ளையை யாரும் கொண்டுபோக மாட்டார்கள், அதற்குத் தான் பொறுப்பு என்றார். இந்தச் சொட்டு மருந்தை வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் இத்தனை தடவை போதும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளின் வயிற்றில் ஏற்கெனவே பல கிருமிகள் ஏறி உட்கார்ந்திருக்கும், நெரிசல் பஸ்ஸில் இடம் கிடைக்காதவன் மாதிரி மருந்து இறங்கிப் போய்விடுகிறதோ என்று தனக்குச் சந்தேகம். அதைத் தெரிந்துகொள்ள இவர்களுடையதைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

"நல்லதை எல்லாரும் குடுப்பா. நேக்கு வேண்டியது இந்த வயத்துவலிக்காரனோடதுதான்."

உம்மா தம்பியை அவர் மடியில் கொடுத்துவிட்டு, ஒரு சுத்தமான குப்பி இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

டாக்டரம்மா போனதும் என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. ரத்தம் கட்டிவிட்டது. வீட்டு விஷயத்தை வெளியில் சொன்னதற்காக. ராத்திரி விஷயத்தைக் கேட்ட வாப்பா, இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதையாக இருக்கிறதே என்று உம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மாமா இரண்டு நாள் சந்தில் தலைகாட்டவில்லை. கடைக்கார அக்காவுக்குத்தான் வருத்தம். இனிமேல் அவரவர் பிள்ளையுடையதையே கொடுக்க வேண்டும் என்றதும், என் பிள்ளையுடையதில் என்ன குறை கண்டார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சொந்தக் குப்பிகள் போயின. பத்து நாளில் பதில் வந்தது. விமானத்தில் வரவில்லை, மாட்டுங்கா பஸ்ஸில் வந்தது. தம்பிக்கும் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கும் உடம்பில் மருந்து பிடிக்கவே இல்லை. டாக்டரம்மா கொட்டுகிற மழையில் முழங்கால் தண்ணீரில் வந்து மறுபடி சொட்டு விட்டார். அதுவும் தம்பிக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் தடவை வந்து விட்டார். அது பிடித்தது. அந்த மழைக்காலத்தில் பக்கத்துச் சந்தில் ஒரு பையனுக்குக் கால் போயிற்று. அவன் வீட்டில் அழுத சத்தம் எங்கள் அறை வரைக்கும் கேட்டது. எங்கள் சந்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மருந்து காத்ததா, அல்லாஹ் காத்தானா என்று பிரித்துச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. இரு பக்கத்துக்கும் நன்றி சொல்லிவிடுகிறேன். ஏழு குப்பிக்கும் ஒரே பதில் வந்ததென்றால் அந்தக் கூடத்தில் பிழையே நடக்கவில்லை என்று அர்த்தம், எங்கள் திருட்டுத்தனமே அவர்களுக்குச் சான்றாகிவிட்டது என்பது வளர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அதன் பிறகு குப்பிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் பேச்சு எழவில்லை என்று டாக்டரம்மாவே உம்மாவிடம் சொன்னார். தன் கையையே சந்தேகப்பட்டு நின்ற அந்தப் பெண்மணி எங்கள் மேல் கோபப்பட்டிருக்கலாம். அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. கோபப்படாமல் இன்னொரு குப்பி கொடுத்தார். என் வாழ்நாளில் நான் பட்ட கடன்களில் இதைவிடப் பெரியது கிடையாது.

மழை ஓய்ந்த பிறகு கடைசிக் குப்பிக்காக அவர் வந்தார். தம்பி நடக்க ஆரம்பித்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. வாசலிலிருந்து குழாயடி வரைக்கும் தத்தித் தத்திப் போய், அங்கே பொத்தென்று உட்கார்ந்தான். டாக்டரம்மா குப்பியை வாங்கிய கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தரம் நடக்கச் சொல்லேன்" என்றார் என்னிடம்.

தூக்கி நிறுத்தினேன், நடந்தான். போதும் என்று அவர் சொல்லவில்லை. மறுபடி நிறுத்தினேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று உம்மா நினைவுபடுத்தியும் அவர் நகரவில்லை. பாவம், இவ்வளவு படித்தவர், பிள்ளை நடப்பதை இதுவரை பார்த்ததே இல்லை போலிருக்கிறது என்று எனக்கு இரக்கமாக இருந்தது. அவர் ஆசை தீரப் பார்க்கட்டும் என்று, தம்பி கால் வலித்து அழுகிற வரைக்கும் அவனை நடக்க வைத்தேன்.