ஓட்டுக் கூரை மழையும் நாலாம் ஜுரமும்

மழை இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. நம் தர்மபுரியில் தினமும் மழைக்கு எங்கே போவது? போனில்தான். 'ஓட்டுக் கூரை மழை' என்று ஒரு ஆடியோ. போட்டுவிட்டுப் படுத்தால் பத்தாவது நிமிடம் ஆள் காலி. நடுநடுவே 'ஸூ... ஸூ' என்று லேசான காற்று வேறு!

பத்து நாளைக்கு முன்னால் காரிமங்கலம் பக்கம் நண்பர் மாதேஷ் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி செல்வி பட்டுப்புழு வளர்க்கிறார். புழு ஷெட் வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே சத்தமே இல்லை.

"என்னம்மா ஆச்சு?"

"புழுவுக்கு நாலாம் ஜுரம்ங்கண்ணா."

"அடடா... மருந்து குடுத்தாச்சா?"

செல்விக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. தோல் உரிப்பதற்காகப் புழு தின்னாமல் அசையாமல் கிடக்குமாம். இங்கே அதற்குப் பெயர் ஜுரம்.

"இதுதான் கடைசி ஜுரம். எழுந்து ஒரு வாரம் தின்னாத்தான் கூடு கட்டும்."

மதியம் புழுக்கள் தலை அசைத்தன. செல்வி மல்பெரித் தழையைப் பரப்பினார். முதலில் தூறல்... அப்புறம் மழை! வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே சடசடவென்று ஆயிரக்கணக்கான வாய்கள் தழை தின்கின்றன. இந்த மழையை நான் கேட்டிருக்கிறேனே... போனை எடுத்து ஆடியோவைப் போட்டேன். அச்சு அசல் அதேதான்.

'ஸூ... ஸூ' வந்ததும் செல்வி துள்ளினார். "அண்ணா, அது நானு! அணில் வெரட்டறேன்! போன தடவ ஒருத்தரு மைக் வெச்சுப் புடிச்சிட்டுப் போனாருங்க."

சொல்லும்போதே முகம் மாறிவிட்டது.

"அந்தப் புழுவும் இப்பிடித்தான் நல்லாத் தின்னுச்சு. பக்கத்துத் தக்காளிக் காட்டுல அடிச்ச பூச்சி மருந்து காத்துல வந்து நம்ம தழையில பட்டிருக்கு. தெரியாம போட்டுட்டேன்... ஒண்ணுகூட கூடு கட்டலீங்க."

இத்தனை நாள் என்னைத் தூங்க வைத்தவை அவைதானா? எனக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது.

"அத நிறுத்துங்கண்ணா. இதுங்க தின்றது கேக்க மாட்டேங்குது" என்றார்.

அதன் பிறகு அந்த ஆடியோவைப் போட்டால் தூக்கம் வரவில்லை. 'இன்னும் தின்கின்றனவா?' என்றுதான் காது தேடியது. நாம் நிம்மதி என்று கேட்பது, யாரோ வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கேட்ட சத்தமாக இருக்கலாம். எங்கிருந்து வந்தது என்று என்றைக்காவது விசாரிக்கிறோமா?

நேற்று மதியம் செல்வி போன் செய்தார்.

"எல்லாம் கூடு கட்டிருச்சுங்கண்ணா. ஷெட்டே கம்முனு கெடக்குது."

ஆடியோ எதுவும் போடாமல் சும்மா படுத்தேன்... சாயங்காலம் காபிக்கு என்னை உலுக்கித்தான் எழுப்பினார்களாம்!