பூனைக்குக் கொடுத்த குரல்

ஆனையூரில் ஜனகராஜ் என்றால் யாருக்கும் தெரியாது. 'பூனை' ஜனகராஜ் என்று சொல்லிப் பாருங்கள், நாற்பது தாண்டியவர்கள் அத்தனை பேருக்கும் வாயெல்லாம் பல்லாகிவிடும்.

தொண்ணூறுகளில் அங்கே லோக்கல் கேபிள் நடத்தியவர் அவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிதடி கார்ட்டூன் போடுவார். படத்தில் பேச்சே கிடையாது. விரட்டுவதும் விழுவதும் வீங்குவதும்தான். மனுஷரால் சும்மா இருக்க முடியுமா? மைக்கைப் பிடித்துத் தானே பேச ஆரம்பித்தார். நாய்க்கு உசிலம்பட்டி ஏட்டையாவின் அதட்டல். வாத்துக்கு அக்ரஹாரத்து மாமியின் அங்கலாய்ப்பு. எலி அசல் மதுரைக்காரன், "வா மாப்ள, வந்து பாரு!" என்று சவடால் விடும். அடடா, என்ன காலம் அது! தெருவே டிவி முன்னால் கிடக்கும்.

உதை வாங்கும் பூனைக்கு மட்டும் சௌராஷ்டிர வாடை அடிக்கும் தமிழ். ஜனகராஜின் வீட்டு பாஷையும் சௌராஷ்டிரம்தான். நம் ஆட்களை நாமே கேலி செய்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டார். பூனை இழுத்து இழுத்துக் கெஞ்சும், தலையில் சட்டி விழும், ஊரே உருண்டு சிரிக்கும்.

போன மாதம் அழகுபாண்டி வந்தார். அன்று அவரிடம் கேபிள் வயர் இழுத்தவர், இன்று குடியிருப்போர் சங்கத் தலைவர்.

"அண்ணே, சங்கத்து ஆண்டு விழாவுல பிள்ளைங்களுக்கு அந்தப் பூனைய ஒரு தடவை இறக்குங்கண்ணே. இப்ப நெனச்சாலும் அம்புட்டு சிரிப்பு வருது!"

ஜனகராஜுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே ஹாலில் உட்கார்ந்து பழகினார். முப்பது வருஷம் கழித்தும் குரல் அப்படியே வந்தது. மனைவி சூடாமணி அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

சூடாமணி பரமக்குடியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வீட்டுக்கு வெளியே வாய் திறக்க மாட்டாள். மாட்டுத்தாவணியில் பூ வாங்கக்கூட ஜனகராஜ்தான் பேரம் பேச வேண்டும். கூச்ச சுபாவம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

பின்னாலேயே போய் என்னவென்று கேட்டார். அவள் தங்கள் பாஷையிலேயே சொன்னாள்.

"அது பூனை இல்ல, நான். கல்யாணமான புதுசுல நான் பேசுன தமிழ். கதவுல வெரல் நசுங்கி அழுதேனே, அதையும் நீங்க விடல. பக்கத்து வீட்டுல உக்காந்து பாத்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. நான்தான்னு கண்டுபிடிச்சிடுவாங்களோன்னு பயந்து நானும் சேந்து சிரிச்சேன்."

ஜனகராஜை வெட்கம் பிடுங்கித் தின்றது. வரவில்லை என்று சொல்லிவிடப் போனை எடுத்தார்.

"போங்க, பிள்ளைங்க பாவம்," என்றாள் அவள். "ஆனா என்னைய அடி வாங்க விடாதீங்க."

விழாத் திரையில் பழைய கார்ட்டூன் ஓடியது. பூனை வாயே திறக்கவில்லை. எலிதான் பேசியது, அதுவும் கலப்பில்லாத சௌராஷ்டிரத்தில். அழகுபாண்டி திருதிருவென்று முழித்தார். பிள்ளைகளுக்கு ஒரு சொல் புரியவில்லை. ஆனாலும் எலி தப்பிக்கத் தப்பிக்கக் கை தட்டினார்கள். நடுவில் பூனை எலியின் வாலைப் பிடித்துவிட்டது. எலி இனிக் கெஞ்ச வேண்டிய இடம். ஜனகராஜ் மைக்கைக் கீழே இறக்கினார்.

மூன்றாவது வரிசையில் சூடாமணி எழுந்தாள். வாலை விடுடா என்று அந்தப் பூனையைத் தங்கள் பாஷையில் ஒரு பிடி பிடித்தாள் பாருங்கள், கடைசி நாற்காலி வரை கேட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் உட்காரவில்லை. சிரித்தவர்கள் பக்கம் திரும்பி, திட்டியதன் அர்த்தத்தை அதே சௌராஷ்டிர வாடை அடிக்கும் தன் தமிழில், இழுத்து இழுத்து, சத்தமாகச் சொன்னாள்.