அடிக்குறிப்பில் என் விலாசம்

திருவொற்றியூரில் கல்லூரி ஆய்வுக்கட்டுரைகளைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொடுத்த அந்தப் பெண்ணை ஒருமுறைதான் பார்த்தேன். காதோரம் பென்சில் செருகியிருந்தார். யார் சொன்னது என்று குறிக்காத வரி வந்தபோதெல்லாம் அவர் விரல்கள் நின்றுவிட்டன.

துறைமுகக் கூலிகளைப் பற்றி எழுதிய மாணவன், நான் சொன்னதைச் சரிபார்க்க என்னை அவர் கடைக்குக் கூட்டிப்போயிருந்தான். என் பேச்சு வந்த இடத்தில் 'ஒரு தொழிலாளி கூறினார்' என்று மட்டும் எழுதியிருந்தான்.

"புக்கு எழுதனவங்களுக்கெல்லாம் பேரு போட்டுக்கீறே. இவரு இன்னா, பேரில்லாமலா பொறந்தாரு?" என்று அவனைக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "வூடு எங்கண்ணா? யாராச்சும் தேடி வந்தா?"

"இன்னிக்கு இங்க. நாளைக்குத் தெரியாதும்மா."

பக்கத்தின் அடியில் என் பெயரை அடித்து, தன் கடை விலாசத்தையே சேர்த்தார். "அப்பப்போ வந்து கேட்டுக்கோ. யாராச்சும் வந்தா சொல்றேன்."

மறுவாரமே விசாகப்பட்டினம் போய்விட்டேன். பிறகு எத்தனையோ ஊர்கள். எங்கேயும் எனக்கு விலாசம் வாய்க்கவில்லை. யாரும் என்னைத் தேடி அங்கே வந்திருக்க மாட்டார்கள். அதைக் கேட்கவாவது ஒருமுறை போயிருக்கலாம்.